பதில் வராத ஐந்து விநாடி

அந்த ரத்தப் பரிசோதனை லேப்பில் எல்லோரும் அவளை வெப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்பது நாளாக நாளாகச் சுருங்கி அப்படி ஆகிவிட்டது. ரத்தம் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புது ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டதும், பாவம், இந்த அம்மாவுக்கே காய்ச்சலோ என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே கடந்து போவாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே சேர்ந்தது ரிப்போர்ட் டைப் அடிக்க. கீழே மருந்துக்கடை, மாடியில் நான்கு அறை, அவ்வளவுதான் லேப். அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் எதையும் பிரித்துப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிற கை. மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் மவுஸ் என்று நோண்டி நோண்டியே லேப்புக்கு ஒரு வெப் பக்கம் செய்துவிட்டாள். ரிப்போர்ட் வாங்க இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இனி வர வேண்டாம். ரிப்போர்ட் எண்ணைப் போட்டால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். லேப்பின் சொந்தக்காரரான டாக்டரம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்க வெப்பக்கா பண்ணது. காலேஜ் போனவங்களுக்குக்கூட வராது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அதைக் கேட்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சிக்காகவே பாதி நாள் வேலைக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பக்கம் அவளுடையது. ஆனால் வாசல் அவளுடையது இல்லை. லாகின் வேலையை வேறொரு கம்பெனி பார்த்தது. ஆள் தன் போன் எண்ணைப் போட்டால் அந்தக் கம்பெனி ஒரு ரகசிய எண்ணை அனுப்பும். அதைப் போட்டால் லாகின். அதற்குப் பிறகு ரிப்போர்ட்டைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், அவளுடைய பக்கம் அந்தக் கம்பெனி சர்வரில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்டை, ஒரு சின்ன புரோகிராமை, கூப்பிட்டுக் கேட்கும்: இந்த ஆள் லாகின் செய்திருக்கிறாரா, யார் இவர்? ஆமாம், இன்னார் என்று பதில் வந்தால், ரிப்போர்ட் அவருடையதுதானா என்று ஒத்துப் பார்த்துத் திறக்கும். இல்லை என்று வந்தால் திறக்காது.

பதிலே வராவிட்டால்?

முதல் இரண்டு மாதம், பதில் வராவிட்டால் பக்கம் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு சும்மா நின்றது. அந்தக் கம்பெனியின் சர்வர் ஒரு சோம்பேறி. வாரத்தில் இரண்டு நாளாவது கொட்டாவி விடும். லேப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் மாடியேறி வந்து, மூச்சு வாங்க, "நான் ரிப்போர்ட் கேட்டேன், ராட்டினம் கேக்கல!" என்று கத்திவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வெப்பக்காவைப் பார்த்து, "மதியத்துக்குள்ள இதைச் சரி பண்ணும்மா" என்றார்.

அவள் மதியத்துக்கு முன்பே சரி செய்துவிட்டாள். ஒரே ஒரு வரி. ஐந்து விநாடிக்குள் ஸ்கிரிப்டிடமிருந்து பதில் வராவிட்டால், ஆமாம், ரிப்போர்ட்டின் சொந்தக்காரர்தான் என்று எடுத்துக்கொள்.

எழுதும்போதே அது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வந்தது, போன் அடிக்கவில்லை. பெரியவர் வரவில்லை. டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் அவளுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து, "கெட்டிக்காரி" என்றார். பாராட்டு வாங்கிய கையோடு, அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று போய்ச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஏழு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஏழாவது மாதத்தில்தான் ஒரு காலை, சமையல்காரம்மா லேப்புக்கு வந்தாள்.

மாணவிகள் விடுதி ஒன்றில் நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறவள் அவள். நாற்பத்தைந்து வயது, உரம் ஏறிய கைகள். மூன்று வாரத்துக்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஈரலைத் தாக்குகிற மஞ்சள் காமாலைக் கிருமி ஒரு வகை அவள் ரத்தத்தில் இருப்பதாக ரிப்போர்ட். சாப்பாட்டில் பரவுகிற வகை இல்லை. ரத்தத்தில் மட்டும் பரவுவது. மருந்து உண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவே அவளை உட்காரவைத்து விளக்கியிருந்தார். இப்போது அவள் உட்காரவில்லை. நேராகக் கவுண்டருக்குப் போய் நின்றாள்.

"என் விஷயத்தை யாருகிட்ட சொன்னீங்க?"

கவுண்டரில் இருந்தவருக்கு நிதானம் அண்ணன் என்று பெயர். எதற்கும் பதறாதவர். "நிதானமா, நிதானமா" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலிதான். ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டு, உறையின் வாயை இரண்டு தடவை நீவிவிட்டுத்தான் கொடுப்பார்.

"நிதானமா சொல்லுங்கம்மா. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? விடுதி முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. நான் தொட்ட தட்டைக்கூட பொண்ணுங்க தொட மாட்டேங்குது. வார்டன் நேத்து சாவியை வாங்கிட்டாங்க. என் வீட்டுக்காரருக்கே நான் இன்னும் சொல்லல. அவருக்கு வெளியில இருந்து சேதி வருது! எப்படித் தெரியும்னு கேட்டா, லேப்ல இருந்துதான் தெரிஞ்சுதுங்கறாங்க. அன்னிக்கு என் பேப்பரைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தானே?"

நிதானம் அண்ணனின் வாயில் அதற்குப் பிறகு அந்தச் சொல் வரவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். டாக்டரம்மா அறையை விட்டு வெளியே வந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அழுகை மட்டும் கேட்டது.

வெப்பக்கா தன் மூலையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதி, மூன்று வாரம், லேப்பிலிருந்து தெரிந்தது. பக்கத்தை யார் யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு சர்வரில் கிடந்தது. தேடி எடுத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை அந்தக் கம்பெனியின் ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் எல்லாக் கேள்விக்கும் அவளுடைய ஒற்றை வரிதான் பதில் சொல்லியிருக்கிறது. ஆமாம், ஆமாம், ஆமாம். ஒன்பது பதினாலுக்கு, பதினேழு என்று முடியும் ரிப்போர்ட்டை ஒரு போன் திறந்திருக்கிறது. அது சமையல்காரம்மாவின் ரிப்போர்ட். இரண்டு நிமிஷம் கழித்து அதே போன் பதினெட்டில் முடியும் ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறது. பதினெட்டு, வரிசையில் சமையல்காரம்மாவுக்கு அடுத்து நின்று ரத்தம் கொடுத்த பெண்ணுடையது. விடுதியில் வாசல் காவலுக்கு இருப்பவள். தன் ரிப்போர்ட் எண்ணைப் போடும்போது கடைசி இலக்கம் ஒன்று தவறியிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கும். அன்று சொல்லவில்லை.

வெப்பக்கா முதலில் செய்த காரியம் அந்த வரியை அழித்தது. பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள் என்று மாற்றி எழுதினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு மாதமாக நேரம் கிடைக்காத வேலை.

இரண்டாவதாக டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தாள், அறைவரை போனாள். கதவு திறந்து டாக்டரம்மா எதிரே வந்தார். முகம் கறுத்திருந்தது. "பன்னெண்டு வருஷம்! இந்த மனுஷன் இப்படிப் பண்ணுவார்னு நினைக்கவே இல்ல. நீ என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம். டீ சொல்லட்டுமான்னு கேக்க வந்தேன்."

தன் வாயா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

நிதானம் அண்ணனைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்னறையில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். ரத்தம் எடுக்கும் பெண்கள் அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவர் இருக்கும்போது நோயாளியின் பெயரைச் சத்தமாகச் சொல்லாமல் சைகை காட்டினார்கள். வெப்பக்காவின் மேஜையிலிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரியும். அவள் மேஜையைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று கேட்காதவர்களிடமெல்லாம் காரணம் சொன்னாள்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். எத்தனையோ பேரின் பயந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஒருநாள் காலை, டம்ளரில் டீ ஆறிப்போய் ஆடை படிந்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "என்ன, மூஞ்சியில எல் போர்டு மாட்டியிருக்கே?" என்றான்.

"தலைவலி."

"அஞ்சு நாளாவா?"

அவள் எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மடித்திருந்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மூன்றாம் நாளே நிதானம் அண்ணன் அவளிடம் வந்திருந்தார். அதை அவள் கணவனிடம் எப்படிச் சொல்வாள்? மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம். கையில் ஒட்டியிருந்த லேபிள் துணுக்கைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகும்னு சொல்றாங்களே. அந்தம்மா ரிப்போர்ட்டை வேற யாராவது பார்த்திருந்தா அதுல தெரியுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். அந்தப் பதிவு மூன்று கிளிக்கில் கிடைக்கிற இடத்தில் இருந்தது.

"ஒரு வாரம்தான் அண்ணா இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும்."

"ஓ." அவர் தலையாட்டினார். "நான் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமே இல்லம்மா. அதான் கேட்டேன். சரி, நீ சாப்பிடு."

அவர் போனதும் அவளுக்குத் தோன்றியது: பொய் சொல்லியாயிற்று, இனி அதை உண்மையாக்கிவிட்டால் என்ன? பதிவை அழித்துவிட்டால் பொய்யும் இல்லை, சாட்சியும் இல்லை. அழிக்கிற பொத்தான் மேல் விரல் இருந்தது. ரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, என்ன சாப்பிடலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்ததால் விரலை எடுத்தாள். நல்ல புத்தியால் எடுத்தேன் என்று பிற்காலத்திலும் அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. நிதானம் அண்ணன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அன்றைக்கு யார் யார் பெஞ்சில் இருந்தார்கள், ரிப்போர்ட்டை மடிக்கும்போது எழுத்து வெளிப்பக்கம் தெரிந்ததா, யாராவது போன் செய்து கேட்டு, நினைவில்லாமல் சொல்லிவிட்டேனா என்று லேபிள் ஒட்டிக்கொண்டே முணுமுணுப்பார். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் அவளிடம், "அன்னிக்கு எனக்குப் பல்வலி, மாத்திரை போட்டிருந்தேன். மாத்திரை மயக்கத்துல ஏதாவது உளறியிருப்பேனோ?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவள் கையிலிருந்த தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார். பாரம் இறங்கிய முகம்.

"விஷயம் முடிஞ்சுதும்மா. நம்ம நிதானம் நேத்து அந்தச் சமையல்காரம்மா வீட்டுக்கே போயிருக்கார். என் வாயில இருந்துதான் போயிருக்கும், மன்னிச்சிடுங்கன்னு கேட்டிருக்கார். எங்கிட்டயும் வந்து சொல்லிட்டார். ஒத்துக்கிட்டார், அதுவரைக்கும் நல்லது. இந்த மாசக் கடைசியில அவரே நின்னுக்கிறாராம்."

வெப்பக்கா கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள், எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது என்று. எதுவும் வரவில்லை.

"அவர் செய்யல மேடம். நான்தான்."

"நீயா? நீ யாருகிட்ட சொன்னே?"

"நான் யாருகிட்டயும் சொல்லல. என் பக்கம் சொல்லிடுச்சு."

உட்காராமலே சொன்னாள். வட்டம் சுற்றியது, பெரியவர் கத்தியது, ஒற்றை வரி, மூன்று மணி நேரம், பதினேழும் பதினெட்டும். டாக்டரம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிய வேண்டிய பாதி அது.

"பதில் வரலேன்னா உள்ள விட்டுடுன்னு எழுதினியா?"

"ஆமா மேடம்."

"எங்கிட்ட சரி பண்ணிட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அந்த மூணு மணி நேரத்துல எத்தனை ரிப்போர்ட்?"

"முப்பத்தொன்பது திறந்திருக்கு. முப்பத்தாறு அவங்கவங்க எப்பவும் பார்க்கிற போன்ல இருந்துதான். மீதி மூணு அப்படி இல்ல. அதுல ஒண்ணு சமையல்காரம்மாவோடது. மத்த ஏழு மாசப் பதிவையும் பார்த்துட்டேன், வேற இல்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவது போல மெல்லச் சொன்னார்: "அவரே ஒத்துக்கிட்டாரே. இப்போ இதைக் கிளறினா இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லணும். இந்த லேப் மேல யாருக்கு நம்பிக்கை இருக்கும்? பக்கம் இப்போ சரியாத்தானே இருக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். பத்து நாளாக வெப்பக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இதே வார்த்தைகள்தான். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அவை எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன என்று தெரிந்தது.

"செய்யாததை ஒத்துக்கிட்டார் மேடம்," என்றாள். அதற்கு மேல் நின்றால் கால் பின்வாங்கிவிடும் என்று பயந்து, நேராகப் பின்னறைக்கு நடந்தாள்.

நிதானம் அண்ணன் குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை வேலையை நிறுத்தவில்லை. ஒரு லேபிள் மட்டும் கோணலாக ஒட்டியது. அதை உரித்தெடுக்கப் பார்த்தார், கிழிந்தது.

"அப்போ நான் சொல்லல."

"நீங்க சொல்லல அண்ணா."

"பல்வலி மாத்திரை..."

"இல்ல அண்ணா. ஒண்ணுமே இல்ல."

"நான் யாருகிட்டயும் சொல்லல," என்று இன்னொரு முறை சொன்னார், ஊர்ஜிதப்படுத்திக்கொள்வது போல. பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. குரல் உயரவில்லை, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசினார்.

"தப்பா எழுதிட்டே. சரி. யாருக்குத் தப்பு வராது? ஆனா நான் உன்கிட்ட வந்து கேட்டேனே. இதே கையோட வந்து நின்னு கேட்டேனே. என் முகத்தைப் பார்த்து அழிஞ்சிடுச்சுன்னு சொன்னியே. எழுதினது வேற, சொன்னது வேற. என் பொண்டாட்டி எங்கிட்ட, 'நீங்க தூக்கத்துல பேசறீங்களா'ன்னு கேக்கறா. என் வீட்டுல நான் தூங்கப் பயந்தேன்."

வாசலில் டாக்டரம்மா வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. "நிதானம், நாளைக்குக் காலையில கவுண்டருக்கு வந்துடுங்க" என்றார். பிறகு வெப்பக்காவிடம், "அந்த மூணு பேர் லிஸ்டை எடு. யாருக்கு யார் சொல்லணும்னு பார்ப்போம்."

"சமையல்காரம்மாகிட்ட நான் போறேன் மேடம். அண்ணா, நீங்களும்..."

"நான் வரல," என்றார் அவர். "நான் ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டாச்சு. இது உன்னோடது. நீ போய்க் கேளு."

சாயங்காலம் கணவனின் பயிற்சிக் காரில்தான் போனாள். வழியெல்லாம் சொல்லி முடித்தாள். அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உள்ள வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள். தெருமுனையில் எல் போர்டோடு காரை நிறுத்திவிட்டு அவன் காத்திருந்தான்.

சமையல்காரம்மா மாடி வீட்டின் சின்ன அடுக்களையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெரிய பாத்திரம் நிறைய நறுக்கிய காய். வீட்டில் மூன்று பேர்தான்.

"கை பழகிப்போச்சு," என்றாள், வந்தவள் பாத்திரத்தைப் பார்ப்பதைக் கவனித்து. "நூத்திருபது பேருக்கு அளவு தெரியும். மூணு பேருக்குத் தெரியல. நீங்க யாரு?"

வெப்பக்கா தரையிலேயே உட்கார்ந்து சொன்னாள். ஸ்கிரிப்ட், சர்வர் என்றெல்லாம் சொல்லவில்லை. "கதவுல ஒரு காவல். அந்தக் காவல் வேற இடத்துல இருக்கு. அது பதில் சொல்லலேன்னா யாரா இருந்தாலும் உள்ள விடுன்னு நான் எழுதி வச்சுட்டேன். அன்னிக்கு அது பதில் சொல்லல" என்றாள். கத்தி நின்றது.

"இப்போ அடைச்சாச்சா அந்த ஓட்டையை?"

"நீங்க லேப்புக்கு வந்த அன்னிக்கே அடைச்சிட்டேன்."

"நான் வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சமையல்காரம்மா நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது வெப்பக்காவுக்கு.

"என்னைத் தவிர வேற யாராவது?"

"இன்னும் ரெண்டு பேர்."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"இனிமேதான்..."

"அறிவு இருக்கா உங்களுக்கு? அவங்ககிட்டதானே முதல்ல போயிருக்கணும்! என் கதை ஊருக்கே தெரிஞ்சாச்சு. அவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம். வீட்டுல அவங்களே சொல்லிக்கலாம். எங்கிட்ட வந்து உங்க மனசை இறக்கி வச்சுக்கிறதுக்கு இப்போ என்ன அவசரம்?"

அந்தக் கேள்வி நேராகப் போய்த் தைத்தது. அவள் யோசிக்கவே இல்லை. இறக்கி வைக்கத்தான் வந்திருந்தாள். எழுந்தாள்.

"இருங்க," என்றாள் சமையல்காரம்மா. குரல் மாறியிருந்தது. "அந்த மனுஷன்... கவுண்டர்காரர். இங்க வந்து நின்னாரே, இதே வாசல்ல. உள்ள வரச் சொல்லல நான். தண்ணி குடுக்கல. என்னென்ன பேசினேன் தெரியுமா? அத்தனையும் கேட்டுக்கிட்டு, ஆமாம்மா, ஆமாம்மான்னு நின்னார். இப்போ நான் வேற போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா? இது எங்க போய் முடியும்?"



மறுநாள் காலை மற்ற இருவருக்கும் போன் செய்தாள். ஒருவர் இளம் ஆசிரியை; அவருடைய ரிப்போர்ட்டைத் திறந்தது அவர் தம்பியின் போன் என்று தெரிந்தது, அவரே சொல்லித் திறந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்தவராக நன்றாகத் திட்டினார். இன்னொருவர் போனை எடுக்கவே இல்லை. கடிதம் போட்டார்கள், வீடு மாறிவிட்டார் என்று திரும்பி வந்தது. அந்த ரிப்போர்ட்டை யார் பார்த்தார்கள், பார்த்து என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. அந்த எண்ணை அவள் மாதாமாதம் அழைத்துப் பார்க்கிறாள்.

டாக்டரம்மா அவளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து அவள் எழுதிய அத்தனையையும் சோதிக்கச் சொன்னார். அவள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கண்ணில் படாத இடங்களையும் தானே காட்டிக்கொடுத்தாள். கெட்டிக்காரி என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிதானம் அண்ணன் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். அவளிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார், மரியாதையாக, "நீங்க" என்று. பன்னிரண்டு வருஷமாக "ஏம்மா, நீ" என்று கூப்பிட்டவர். அந்த "நீங்க" ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியது.

விடுதிக்கு டாக்டரம்மா கடிதம் எழுதினார், நேரிலும் போனார். இந்தக் கிருமி சாப்பாட்டில் பரவாது என்று வார்டனுக்கு விளக்கினார். வார்டன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சமையலுக்குப் பதிலாகச் சரக்கறையில் வேலை தருவதாகச் சொன்னார்கள். சமையல்காரம்மா போகவில்லை. நான்கு மாதம் கழித்து பஸ் டிப்போ கேன்டீனில் சேர்ந்தாள். சேர்வதற்கு முன்னால் தன் ரிப்போர்ட்டைத் தானே எடுத்துப்போய் மேனேஜர் முன் வைத்து, "படிச்சுட்டு வேலை குடுங்க" என்றாளாம். இதை லேப்பில் சொன்னது நிதானம் அண்ணன். அவரிடம் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். யார் யாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார்கள் என்று வெப்பக்கா விசாரிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் சோதனைக்குச் சமையல்காரம்மா அதே லேப்புக்குத்தான் வருகிறாள். வேறு லேப் இல்லாமல் இல்லை. போனில் பார்ப்பதில்லை, காகிதமாக, உறையில் வாங்கிக்கொண்டு போவாள். இரண்டாவது முறை வந்தபோது உறையைப் பைக்குள் வைத்துவிட்டு, மூலை மேஜைவரை நடந்து வந்தாள். வெப்பக்கா எழுந்து நின்றாள்.

"ரிப்போர்ட் நல்லா இருக்கு. கிருமி குறைஞ்சிருக்காம்."

"சந்தோஷம்மா."

"உக்காருங்க, நின்னுக்கிட்டு இருக்காதீங்க." அவள் மேஜை விளிம்பை விரலால் ஒருமுறை தடவினாள். "உங்க மேல எனக்கு இருந்த கோபம் போயிடுச்சான்னு நீங்க இதுவரைக்கும் கேக்கல. நல்லது. கேட்டிருந்தா போகலன்னுதான் சொல்லியிருப்பேன்."

வெப்பக்கா தலையசைத்தாள். உட்காரவில்லை.

"கேன்டீன்ல எனக்கு ஷிப்ட் ரெண்டு மணிக்கு," என்று சொல்லிவிட்டு சமையல்காரம்மா படியிறங்கிப் போனாள்.